நித்திரை ஊசிக்கு முன் பேச வேண்டியது

2009இல், இறுதிப் போரின்போது, வன்னியின் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில் மயக்க மருந்து போதாமல் போனது. அது இல்லாமலே காயப்பட்டவர்களின் கை, கால்கள் அகற்றப்பட்டன. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையிலும் இது பதிவாகியிருக்கிறது. நோவை ஆற்றும் மருந்தின் அருமையை வன்னிக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் புற்றுநோயில் இறந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு நித்திரை ஊசி போடலாமா என்று கேட்டால், அதே வன்னியில் வீடு இரண்டுபடுகிறது. "ஊசி போட்டு முடிச்சுப்போட்டினம்" என்ற கதை செத்தவீட்டோடு நிற்காது. அந்தியேட்டி வரைக்கும் ஓடும்.

அந்தக் கதைக்குப் பின்னாலுள்ள பயத்தை அலட்சியம் செய்யக்கூடாது. அதற்குப் பதிலும் இருக்கிறது.

கடைசி நாட்களில் வரும் நோவு, மூச்சுத்திணறல், பிதற்றல் எல்லாம் பெரும்பாலும் மோர்பினாலும் மற்ற மருந்துகளாலும் அடங்கிவிடும். எதற்கும் அடங்காத சிலருக்கு மட்டும், உணர்வைக் குறைத்து உத்தரிப்பிலிருந்து விடுவிப்பதே வழியாக மிஞ்சுகிறது. வழக்கமாக மிடசோலம் என்ற மருந்தைத் தோலுக்குக் கீழே சிறிய அளவில் தொடங்கி, நோயாளி ஆறும் மட்டும் மெல்லக் கூட்டுவார்கள். ஆறிய அளவுக்கு மேலே போவதில்லை. ஓரிரு நாள் நித்திரையாக்கிவிட்டு, மருந்தைக் குறைத்து எழுப்பிப் பார்ப்பதும் உண்டு. கருணைக்கொலையில் சாவு வந்தால்தான் மருந்து வேலை செய்தது என்று கணக்கு. இங்கே ஆள் ஆறினாலே போதும். இத்தாலியில் 518 புற்றுநோயாளிகளைக் கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், இப்படி நித்திரையாக்கப்பட்டவர்களின் இடைநிலை ஆயுள் 12 நாட்கள், நித்திரையாக்கப்படாதவர்களுடையது 9 நாட்கள். ஊசி ஆயுளைக் கூட்டியது என்று இதற்கு அர்த்தமில்லை; குறைத்ததாகத் தெரியவில்லை என்பதே செய்தி. நோவை ஆற்றும் மருந்தால் நினைவு மங்கினாலும் அது பாவமல்ல என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இலேயே மயக்க மருந்து நிபுணர்களிடம் சொல்லிவிட்டார்.

ஊசிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. படுக்கையில் புரண்டு, உடுத்தியதைப் பிடுங்கி, அரற்றும் முதியவருக்குச் சிறுநீர் அடைத்திருக்கலாம். குழாய் போட்டதும் அடங்கிவிடுவார். மலச்சிக்கலாலும், தொற்றுக் காய்ச்சலாலும் பிதற்றல் வரும். அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தால் தெரிகிற விஷயத்துக்கு நித்திரை மருந்து கொடுப்பது தவறு. ஆனால் கை வைத்துப் பார்க்கப் பக்கத்தில் ஆள் வேண்டுமே! 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து திரட்டிய நிதியில் எழுந்தது தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. வடக்குக்கு அது பெரிய ஆறுதல். இருந்தும் முல்லைத்தீவின் கரையோரக் கிராமமொன்றிலிருந்து அங்கே போய்வருவது, எழும்பி உட்கார முடியாத ஒருவருக்கு நடக்கிற காரியமா? வவுனியாவிலிருந்து மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ 250 கிலோமீற்றருக்கு மேல்.

தூரத்தைவிடப் பெரிய தடை மௌனம். "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர், தாங்கமாட்டா" என்று பிள்ளைகள் கெஞ்சுவது கிளினிக்குகளில் பழகிப்போன காட்சி. அன்பில்தான் அப்படிக் கேட்கிறார்கள். ஆனால் தனக்கு என்ன நோய் என்றே அறியாத அம்மாவிடம், "கடைசியில் நோவு அடங்காவிட்டால் நித்திரையாக்கட்டுமா" என்று எப்படிக் கேட்பது? கேட்காமலே போடும் ஊசியைச் சரி என்று சொல்ல முடியாது. கேட்க வேண்டிய காலம் அவர் தெளிவாகக் கதைக்கும் காலம்தான். சேடம் இழுக்கும் நேரத்தில் அந்தப் பொறுப்பு தூக்கமில்லாத மகளின் தலையில் விழக்கூடாது.

பேசினால்தான் வேறு சிலவும் தெரியவரும். சிவபுராணம் காதில் விழ நினைவோடு போக வேண்டும் என்று ஒருவர் விரும்பலாம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பால் பருக்குவது இங்கே பெரிய கடமை. ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கு அந்தப் பால் புரைக்கேறும். கத்தோலிக்கருக்குக் கடைசி நன்மை வாங்க வேண்டியிருக்கும். இவற்றை முதலே அறிந்தால் ஊசியை அதற்கேற்பப் பிந்தவிடலாம், அல்லது அரை நித்திரையோடு நிறுத்தலாம். பால் பருக்குவதற்குப் பதிலாகப் பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டை ஈரமாக்கினாலும் போதும்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, உடம்பில் இல்லாத நோவு பற்றியது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர்போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் பிள்ளை பற்றிய பதில் கிடைக்காமலே நோயிலும் முதுமையிலும் இறந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு தாய் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதால், அந்த அழுகைக்கும் ஊசியா? மனவேதனைக்கு மட்டும் நித்திரையாக்குவது மிக அரிதாகவே செய்யத்தக்கது, திரும்பத் திரும்ப மதிப்பிட்ட பிறகே செய்ய வேண்டும் என்கிறது ஐரோப்பிய நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டல். வன்னியில் அந்த வரம்பு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். பிள்ளை எங்கே என்று கேட்கும் தாயை நித்திரையாக்குவது, பதில் சொல்ல வேண்டியவர்களுக்கே வசதியாகிவிடும். பக்கத்தில் இருந்து கேட்க ஒரு ஆள், அதே இழப்பை அறிந்த இன்னொரு தாய் என்றால்கூட, அவருக்கு முதலில் தேவை அதுதான்.

நோய்த்தணிப்புப் பராமரிப்புக்காக இலங்கை 2019 முதல் 2023 வரைக்கும் ஒரு தேசிய செயல்திட்டம் வகுத்திருந்தது. அந்தப் பராமரிப்பு வீடு வரைக்கும் வந்து சேரும் மட்டும், நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாளிலேயே குடும்பங்கள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை உண்டு: இரவில் நோவு கூடினால் யாருக்குத் தொலைபேசி எடுப்பது, மோர்பின் முடிந்தால் பக்கத்தில் எந்த வைத்தியசாலையில் கிடைக்கும், அடங்காவிட்டால் எந்த வார்டில் சேர்ப்பார்கள். நோயாளியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டே கேட்பது நல்லது.