மலையூர் விருந்தில் கினேமா

மேற்குச் சிக்கிமில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,780 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர் யுக்சோம். 1642-ஆம் ஆண்டில் சிக்கிமின் முதல் மன்னர் முடிசூடிய இடம் இதுவே. கஞ்சன்ஜங்கா மலைப்பாதையில் நடக்க வருவோர் இன்று இங்குள்ள சிறு தங்கும் இல்லங்களில் இளைப்பாறுகின்றனர்.

நகரத்து உணவகங்கள் ‘ஃப்யூஷன்’ என்று பெயரிட்டுப் பரிமாறும் கலப்புச் சமையல், இம்மலையில் மக்கள் கலந்து வாழ்ந்ததால் தானே விளைந்தது. லெப்சா, பூட்டியா, நேபாளிச் சமூகங்கள் அருகருகே வாழ்வதால், திபெத்திய துக்பாவும் மோமோவும், கீரையைப் புளிக்கவைத்து உலர்த்திய நேபாளி குந்துருக்கும் ஒரே பந்தியில் இடம்பெறுகின்றன. துக்பா, நூடுல்ஸ் சேர்ந்த சூடான சாறு. பூரணம் பொதிந்து ஆவியில் வேகும் மோமோவைக் கொழுக்கட்டைக்கு உறவு எனலாம். அதற்குத் தொட்டுக்கொள்ள, உருண்டையான ‘டல்லே’ மிளகாயில் அரைத்த துவையல் வரும், காரம் கடுமையானது.

இக்கலப்பைத் தெளிவாகக் காட்டுவது கினேமா. சோயா அவரையை வேகவைத்து, லேசாக இடித்து, இலையில் பொதிந்து, அடுப்பின் வெதுவெதுப்பில் ஓரிரு நாள் புளிக்க விடுகின்றனர். ஜப்பானியரின் நாட்டோவும் இதே வகை நுண்ணுயிரால் புளிப்பதே. ஆனால், நாட்டோவைப் பெரும்பாலும் அப்படியே சோற்றுடன் உண்பர். கினேமாவோ மஞ்சள், வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாயுடன் குழம்பாகிறது.

நாம் தங்கிய இல்லத்தில் முதல் நாள் பருப்பும் உருளைக்கிழங்குமே வந்தன. கினேமா கேட்டபோது, “அந்த வாடை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?” என்று இல்லத்தரசி இருமுறை வினவிய பின்னரே சமைத்தார். வாடை கடுமையே; சுடுசோற்றில் பிசைந்ததும் அது அடங்கி, சுவை மேலோங்கியது. விருந்தினர் முகம் சுளிப்பாரோ என்னும் இத்தயக்கம் நீடித்தால், வீட்டுப் பக்குவம் விருந்துப் பந்தியை விட்டே மறைந்துவிடும்.

இத்தகைய இல்லங்களுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. கடனால் அறைகள் பெருகலாம். அடுக்களையின் மரபு நிலைக்க, விரும்பிக் கேட்டு உண்போர் வேண்டும். சிக்கிம் செல்லும் வாசகர்கள், முதல் நாளே உள்ளூர் உணவைக் கேட்டுச் சொல்லிவைப்பது நன்று. சோயா ஒவ்வாதோர் அதனையும் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.