'வயசானா அப்படித்தான்' என்னும் சொல்லாடல்

புளியறைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். அந்தச் சாலையோர வீடொன்றில் என் சித்தி தன் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறாள். ஆச்சிக்குப் பெற்ற மகனின் முகமே மறந்துவிட்டது. சாயங்காலமானால் 'எங்க வீட்டுக்குப் போணும்' என்று வாசலிறங்கிவிடுகிறாள். சித்தி பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டுப் பின்னால் ஓடுவாள். நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றியவளுக்கு இப்போது ஐநூறு முடிப்பதே பெரும்பாடு.

"டாக்டர்ட்ட காட்டுனீங்களா சித்தி?" என்றேன்.

"வயசாயிட்டுல்லா, அப்படித்தான். நாம பாக்காம யாரு பாப்பா?"

இந்த 'அப்படித்தான்' என்பதைக் கேள்விக்குள்ளாக்க வேண்டியிருக்கிறது. டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் மூப்பின் இயல்பல்ல. மூளையைத் தாக்கும் நோய்களின் விளைவு. ஈழத்தில் 'அறளை பெயர்தல்' என்பார்கள். நம்மிடம் சொல் இருக்கிறது, அது நோய் என்ற பார்வைதான் இல்லை. மூப்பு என்று சொல்லிவிட்டால் மருத்துவமும் அரசும் விலகிக்கொள்கின்றன. மருமகள் மட்டும் மிஞ்சுகிறாள்.

1998இல் இதே மலைக்கு அப்பால், கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்ற குழுவை அமைத்தார்கள். பெயரே ஒரு விமர்சனம்தான். நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில்; மக்களிடையே நடந்த ஆய்வுகளிலோ 10 சதவீதத்துக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை. எழுத்தறிவை எதிர்பார்க்கும் மேலைச் சோதனைகள், பள்ளிக்கூடம் போகாத கிழவியை நோயாளி எனத் தவறாகக் கணித்துவிடும். அதனால் உறவினரிடம் விசாரிப்பதையும் சேர்த்து, கல்வியைச் சாராத கணிப்பு முறையொன்றை 2003இல் இக்குழு முன்வைத்தது.

2004இல் வெளியான இவர்களது ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: பார்த்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் உடன் வாழும் பெண்கள், பலர் கூலிவேலையைக் குறைத்துக்கொண்டவர்கள், அவர்களது மனநெருக்கடி பணக்கார நாடுகளில் உள்ளதற்குக் குறைந்ததல்ல. 'நம்ம குடும்பம் தாங்கிக்கும்' என்ற பெருமிதத்துக்கு அடியில் யாருடைய முதுகு இருக்கிறது என்பது இங்கே தெரிகிறது. 'அன்பு', 'கடமை' என்ற சொற்கள் உழைப்பை உழைப்பாகப் பார்க்கவிடுவதில்லை.

மாற்று இல்லாமலில்லை. கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்த ஆய்வில், பயிற்சிபெற்ற உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்கே போய், நோயை விளக்கி, அலைச்சலையும் கோபத்தையும் சமாளிக்க வழி சொன்னார்கள். பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் மேம்பட்டது என்று 2008இல் வெளியான முடிவு கூறுகிறது. பெரிய மருத்துவமனை தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறது. அப்படி வருகிறவர் ஆச்சியைப் பார்த்த கையோடு சித்தியிடமும், "ராத்திரி தூங்குனீங்களாக்கா?" என்று கேட்கலாம். பதிலைக் குறித்துக்கொள்ள அவரது நோட்டில் ஒரு கட்டம் வேண்டும். குறைந்துபோன ஐநூறு பீடிக்கான கூலியையும் அதிலேயே எழுத வேண்டும் என்பேன்.