பன்னுக்குள் இருக்கும் தண்ணீர்

வீட்டில் முதன்முதலாகப் பன் சுடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடம் அடுப்பு அல்ல, பிசைகிற தட்டு. பாலை அளந்து ஊற்றிப் பிசையத் தொடங்கிய இரண்டாவது நிமிடம் மாவு விரலெல்லாம் அப்பிக்கொள்ளும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை சும்மா இருக்காது. மைதாவில் ஒரு பிடி அள்ளித் தூவும். இன்னும் ஒட்டும், இன்னொரு பிடி. இப்போது மாவு உருண்டு திரண்டு பார்க்க லட்சணமாக இருக்கும். சுட்ட பன் ஆறியதும் கல்லாகிவிடும். நானும் இரண்டு வருடம் இப்படித்தான் சுட்டேன். ஈஸ்ட் பழசாக இருக்குமோ, அடுப்பில் சூடு போதவில்லையோ என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், தூவிய அந்த இரண்டு பிடி மைதாவைத் தவிர.

பன்னின் மிருது என்று நாம் சொல்வது பெரும்பங்கு தண்ணீர்தான். வெந்த ரொட்டியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அதை மாவுக்குள் சேர்க்கவேண்டும், வேகும்போது தப்பவிடக் கூடாது, வெந்தபின் இரண்டு மூன்று நாளாவது காக்கவேண்டும். வெண்ணெய், சர்க்கரை, பால் எல்லாம் இந்த வேலைக்குத் துணையாக வருபவை.

கோதுமை எப்படித் தண்ணீரைப் பிடிக்கிறது என்று கையாலேயே பார்க்கலாம். எலுமிச்சை அளவு மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து, கால் மணி நேரம் கழித்து, குழாயை மெல்லத் திறந்து அதன் அடியில் கசக்குங்கள். பால் போல வெள்ளைத் தண்ணீர் ஓடும், அது ஸ்டார்ச். ஐந்தாறு நிமிடத்தில் தண்ணீர் தெளியும்போது கையில் வெளிர் மஞ்சளாகச் சூயிங்கம் போல ஒன்று மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இத்தாலியின் பொலோனியா நகரத்தில் யாக்கோபோ பெக்காரி 1728-இல் விவரித்தது இதைத்தான். குளூட்டன் என்று பெயர். மாவிலுள்ள குளூட்டெனின், கிளையடின் என்ற புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இந்த வலை உண்டாகிறது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசி, அடியில் மேடை தெரிகிற அளவுக்கு விரிப்பது இந்த வலையின் பலத்தில்.

அந்த மாஸ்டர் மாவைப் பிசைந்த கையோடு வீசுவதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். எண்ணெய் தடவி ஊறப்போடுவார். பன் மாவுக்கும் அதே மரியாதை வேண்டும். ஒட்டும் மாவை அப்படியே மூடி இருபது நிமிடம் விட்டுவிட்டு வந்து தொடுங்கள். புரதம் தண்ணீரைக் குடித்து, பாதி வலையைத் தானே பின்னி வைத்திருக்கும். முன்பு அப்பிய மாவு இப்போது விரலை விட்டுப் பிரியும். அதன்பின் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நீட்டி, மடித்து, அழுத்திப் பிசைந்தால் போதும். வெண்ணெயைக் கடைசியில்தான் சேர்க்கவேண்டும். முதலிலேயே போட்டால் புரதத்தின்மேல் படிந்து பின்னலைத் தடுக்கும். பதம் பார்க்க ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெல்ல விரியுங்கள். ஜன்னல் பக்கம் பிடித்தால் வெளிச்சம் தெரிகிற சவ்வாக, கிழியாமல் நிற்கவேண்டும். கோதுமை மாவில் செய்தால் தவிட்டுத் துணுக்குகள் இந்தச் சவ்வை அறுக்கும். தண்ணீரும் கூடுதலாகக் கேட்கும்.

இந்த வலைக்குள் காற்றை நிரப்புவது ஈஸ்ட், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பூஞ்சை. சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் சிறிது ஆல்கஹாலையும் விடுகிறது. புளிப்பது உயிருள்ள ஒன்றின் வேலை என்று 1857 முதல் சோதனைகளால் நிறுவியவர் லூயி பாஸ்டர். அதற்கு நெடுங்காலம் முன்பே, கோவாவில் போர்த்துகீசியர் வழியாக வந்த ரொட்டிக்கு ஈஸ்ட் கொடுத்தது தென்னங்கள். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் பாண் என்றும், அதைச் சுடும் அடுப்பைப் போறணை என்றும் சொல்வது அதே போர்த்துகீசியம் விட்டுச்சென்ற சொற்கள்.

மாவு பொங்க எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்குப் பதில் ஊரையும் மாதத்தையும் பொறுத்தது. சித்திரையில் சென்னைச் சமையலறையில் நாற்பது நிமிடத்தில் இரண்டு மடங்காகிற மாவு, மார்கழியில் குன்னூரில் இரண்டு மணி நேரம் கேட்கும். கடிகாரத்தை விட விரலை நம்புங்கள். மாவு தோய்த்த விரலால் அழுத்தினால் குழி மெதுவாக, அரைகுறையாக மேலெழவேண்டும். சட்டென்று எழுந்தால் இன்னும் பொறுக்கலாம். எழவே இல்லையென்றால் தாண்டிவிட்டது.

இனி மிருதுவுக்கான மிக நல்ல உத்தி. கன்னியாகுமரிப் பக்கத்தில் ஆப்பம் சுடுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அரைத்த அரிசி மாவில் ஒரு கரண்டியைத் தண்ணீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி, ஆறியதும் மிச்ச மாவோடு கலப்பார்கள். கப்பி காய்ச்சுதல் என்பார்கள். ரொட்டிக்கு இதையே ஜப்பானிலும் சீனத்திலும் செய்கிறார்கள். தைவானில் 2007-இல் வந்த ஒரு புத்தகத்துக்குப் பிறகு டாங்ஜோங் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. பச்சை ஸ்டார்ச் தன் எடையில் பாதித் தண்ணீரைக்கூடக் குடிக்காது. 65 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால் துகள்கள் உப்பி, தங்கள் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன. அந்தத் தண்ணீர் கூழுக்குள் கட்டுண்டு கிடப்பதால், பிசையும்போது கையில் ஒட்டாது, அடுப்பிலும் எளிதில் ஆவியாகாது.

அளவு சொல்கிறேன். 20 கிராம் மைதாவை 100 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சிறுதீயில் கிளறுங்கள். கரண்டி ஓடிய தடம் பாத்திரத்தின் அடியில் தெரியத் தொடங்கினால் இறக்கி ஆறவிடுங்கள். 280 கிராம் மைதா, 40 கிராம் சர்க்கரை, 5 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 100 மில்லி வெதுவெதுப்பான பால், ஆறிய கூழ் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, ஊறவிட்டு, கடைசியில் 40 கிராம் வெண்ணெய். டம்ளர் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரே டம்ளரில் அமுக்கி அள்ளிய மைதாவும் தளர்வாக அள்ளியதும் எடையில் ஒன்றல்ல. பொங்கியதும் எட்டு உருண்டையாக்கி, தட்டில் நெருக்கி அடுக்கி, மறுபடி பொங்கவிட்டு, முன்பே சூடேற்றிய ஓவனில் 180 டிகிரியில் இருபது நிமிடம்.

கண்ணாடிக் கதவின் முன் உட்கார்ந்து பாருங்கள். முதல் சில நிமிடங்கள் பன் கண்ணெதிரே வளரும். வாயு விரிகிறது, ஈஸ்ட்டும் கடைசி மூச்சு வரை உழைக்கிறது. உட்சூடு 60 டிகிரியை நெருங்கும்போது ஈஸ்ட் இறந்துவிடும். பிறகு ஸ்டார்ச் வெந்து கெட்டிப்படும், குளூட்டன் வலை இறுகும், பன் அந்த உருவத்தில் நின்றுவிடும். நடுப்பகுதி 90 டிகிரியைத் தாண்டினால் வெந்தாயிற்று. மேல்தோல் மட்டும் ஈரம் காய்ந்து 100 டிகிரிக்கு மேலே போகிறது. அங்கே புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சிவக்கின்றன. பிரான்சின் லூயி கமீல் மயார் 1912-இல் விவரித்த வினை அது. தெருமுனை பேக்கரியைத் தாண்டும்போது நம்மை நிறுத்துகிற வாசனையும் பெரும்பாலும் அதுதான். ஆவியில் வேகும் இட்லி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, அதனால் சிவப்பதும் இல்லை. குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுச் சுட்டாலும் பன் வேகும்; அடி சிவந்து மேல்பகுதி வெளுத்திருக்கும்.

கேக்குக்கு அதே மைதாவை நேர்மாறாக நடத்தவேண்டும். அங்கே குளூட்டன் பின்னக் கூடாது. மாவு கலந்ததும் கரண்டியை வைத்துவிடவேண்டும். வாயுவுக்கு பேக்கிங் பவுடர். ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் 1843-இல் அப்படி ஒன்றை உருவாக்கினார்.

சுட்ட பன்னை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். பழைய ரொட்டி இறுகுவது காய்வதால் மட்டும் அல்ல; ஈரம் வெளியேறாதபடி அடைத்து வைத்தாலும் ரொட்டி இறுகும் என்று பிரான்சின் பூசிங்கோ 1852-இலேயே காட்டிவிட்டார். வெந்து தளர்ந்த ஸ்டார்ச் மெல்ல மெல்லத் திரும்ப ஒழுங்காக அடுக்கிக்கொள்வதால் இறுகுகிறது. ஃப்ரிட்ஜின் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும். இரண்டு நாளுக்குள் தின்பதை மூடிய டப்பாவில் வெளியே வையுங்கள், மிச்சத்தை ஃப்ரீசரில் போடுங்கள். சூடு பட்டால் அந்த அடுக்கு மறுபடி குலையும். நேற்றைய பன்னை இட்லித் தட்டில் வைத்து இரண்டு நிமிடம் ஆவி காட்டினால் சற்றுமுன் சுட்டது போலப் பஞ்சாகிவிடும். ஆறினால் பழையபடி இறுகும், அதனால் வெண்ணெயை முன்னாலேயே எடுத்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.