தயங்கும் கியர்ப் பெட்டி

சில மாதங்களுக்கு முன்னர், மாலை வேளையொன்றில், விபுலானந்த அடிகளார் பிறந்த காரைதீவின் சந்தியிலே நாம் ஒரு கண்டத்தினின்றும் தப்பினோம். அம்பாறையிலிருந்து கல்முனைக்குத் திரும்பும் வழி அது. கைத்தறி நெசவிற் பெயர்பெற்ற மருதமுனையைச் சேர்ந்த நம் நண்பர் ஹாஜியார் வண்டியைச் செலுத்தினார். அது நம்மூரார் 'ஜீப்' என்றே வழங்கும் பெரிய சொகுசு வாகனம். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் இனத்தது. அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து பேருந்தொன்று வந்துகொண்டிருந்தது. இடையே போதிய வெளி உண்டெனக் கணித்து ஹாஜியார் மிதியை அழுத்தினார். வண்டி கேட்கவில்லை. ஒன்றரை வினாடி சென்றபின் திடீரெனப் பாய்ந்தது. பேருந்துச் சாரதி விரைந்து பிறேக்கை அழுத்தியிராவிடின் இக்கட்டுரையை நாம் எழுதியிருக்கமாட்டோம்.

ஒன்றரை வினாடி அற்பமன்றோ எனச் சிலர் வினவலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீற்றரைக் கடக்கும். ஒன்றரை வினாடியில் 25 மீற்றரைக் கடக்கும். சந்தியொன்றில் உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட தூரம் அதுவே.

மறுவாரம் ஹாஜியார் தூரத்து நகரொன்றிலுள்ள திருத்தகத்துக்கு வண்டியைக் கொண்டு சென்றார். பெட்டி முழுவதையும் மாற்றவேண்டும் என அவர்கள் கூறினர். கேட்ட தொகையோ இரண்டு போகத்து வயல் வருமானத்தை விழுங்க வல்லது. வண்டியை விற்றுப் புதியது வாங்குவதும் எளிதன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆதலின் நம் வீதிகளில் ஓடுவனவற்றுட் பல முதுமை எய்தியவை. இந்நிலையில் ஹாஜியார் நம்மிடம் ஆலோசனை கேட்டார். கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்திற் கற்ற பழைய பாடங்களைத் தூசி தட்டி எடுத்தோம்.

இவ்வகை வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் எஞ்சினுக்கும் பற்சக்கரங்களுக்கும் இடையே இறுகிய பிணைப்பு இல்லை. எண்ணெயே இடைநின்று விசையைக் கடத்துகின்றது. எதிரெதிரே வைத்த இரு மின்விசிறிகளுள் ஒன்றைச் சுழற்றினால் அதன் காற்று மற்றதையும் சுழற்றுமன்றோ? காற்றுக்குப் பதிலாக எண்ணெய் என்க. செர்மானியரான ஹெர்மன் ஃபேட்டிங்கர் 1905 இல் கப்பல்களின் பொருட்டு இத்தத்துவத்துக்கு உரிமம் பெற்றார். அமெரிக்காவில், 1940 ஆம் ஆண்டு மாதிரியான ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளிலே 'ஹைட்ராமற்றிக்' என்னும் நான்கு கியர்த் தானியங்கிப் பெட்டி பெருந்தொகையாக விற்பனைக்கு வந்தது. 2001 இல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசை வண்டிகள் ஆறு கியர்ப் பெட்டியைப் பெற்றன. பின்னர் எட்டும் பத்தும் வந்துவிட்டன.

கியர்கள் பெருகவே, தெரிவும் பெருகிற்று. சந்தியை அணுகும் சாரதி மிதியினின்றும் காலை எடுக்கின்றார். எரிபொருளை மிச்சப்படுத்த விழையும் யந்திர மூளை, அவர் நிற்கப்போகின்றார் எனக் கருதுகின்றது. அந்நேரத்தில் அவர் மிதியைச் சடுதியாக அழுத்தினால் அது தன் முடிவை மாற்றவேண்டும். தாழ்ந்த கியரைத் தெரிதல், ஒரு கிளச்சை விடுவித்தல், வேறொன்றை எண்ணெய் அழுத்தத்தால் நிரப்பிப் பிடித்தல், அதுவரை கிளச் எரியாவண்ணம் எஞ்சினின் விசையைக் குறைத்து வைத்தல் ஆகிய யாவும் ஒழுங்காக நிகழவேண்டும். இக்கால வண்டியில் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பி இல்லை. மிதி ஒரு விண்ணப்பமே, கட்டளையன்று. டேர்போ பூட்டிய எஞ்சினாயின் அதன் தாமதமும் உடன் சேரும். தயக்கம் பிறக்கும் வழி இதுவே.

இனி, 'கற்கும் பெட்டி' என்பதன் பொருளைக் காண்போம். கல்வி இருவகைப்படும். ஒன்று, தன்னுடலைக் கற்றல். கிளச் தேயத் தேய, அதை நிரப்ப வேண்டிய எண்ணெயின் அளவும் நேரமும் மாறும். யந்திர மூளை அம்மாற்றத்தை அளந்து நெடுங்காலம் நினைவில் வைக்கும். மற்றது, சாரதியையும் பாதையையும் கற்றல். மிதியை எவ்வளவு விரைவாக அழுத்துகின்றார், பிறேக்கை எங்ஙனம் பிடிக்கின்றார், வண்டி ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பவற்றை நோக்கி அது கியர் மாற்றும் வேளையைத் திருத்தும். மகியங்கனைக்கு மேலுள்ள பதினெட்டு வளைவில் இறங்கும்போது சில வண்டிகள் தாமே தாழ்ந்த கியரைப் பற்றி நிற்பது இதனாலேயே. இவ்விரண்டாவது கல்வி பல வண்டிகளிற் குறுகிய காலத்தது. கடைத்தெருவிற் கற்றதை நெடுஞ்சாலையில் மறந்துவிடும்.

பற்றரியைக் கழற்றினால் வண்டியின் 'பழக்கம்' அழிந்துவிடும் என நம் கராஜ்களிற் கூறுவர். எல்லா வண்டிகளுக்கும் இது பொருந்தாது. பலவற்றில் முதல்வகை நினைவு பற்றரியைக் கழற்றினும் நிலைத்திருக்கும். அழித்தாலும், கைநூலிற் கூறிய முறையில் மீண்டும் கற்பித்தல் வேண்டும்; அன்றேல் முன்னிலும் மோசமாக உதறும்.

ஹாஜியாரின் வண்டியைக் கல்முனை இளைஞர் ஒருவரிடம் காட்டினோம். அவர் முதலிற் கணினியைப் பூட்டிக் குறைகளை வாசித்தார்; பின்னர் எண்ணெயைப் பார்த்தார். அது கறுத்திருந்தது, அளவும் குறைந்திருந்தது. "ஹாஜியார், பெட்டி பழுதாகல்ல, எண்ணெய்தான் பழுதாகிட்டு" என்றார். கசிவை அடைத்து, கைநூல் குறித்த இன எண்ணெயையே வார்த்து, குறித்த வெப்பநிலையில் அளவு பார்த்து, பெட்டிக்கு மீண்டும் கற்பித்தார். செலவு, முன்னர் கேட்ட தொகையிற் சிறு கூறேயாம்.

தயக்கம் பெரிதும் நீங்கிற்று, முற்றாக நீங்கவில்லை. எஞ்சிய அரை வினாடி அவ்வினப் பெட்டியின் இயல்பு. ஆதலின் ஹாஜியார் தம் பழக்கத்தையும் மாற்றிக்கொண்டார். சந்தியில் முற்றாக நிறுத்துகின்றார். மிதியைச் சடுதியாக உதையாது, படிப்படியாக அழுத்துகின்றார். முந்திச் செல்லுமுன் கையாற் கியரைத் தாழ்த்துகின்றார். வெளி போதுமோ என்ற ஐயம் எழுந்தால் காத்திருக்கின்றார்.

இன்று நம் கல்லூரியிற் பயிலும் மாணவர்க்கு ஒன்று கூறி அமைவோம். பெரிய தொகையைச் செலுத்துமுன், அந்த யந்திரம் எவ்வாறு இயங்குகின்றது என ஒரு கேள்வி கேளுங்கள். நம் நண்பரின் ஈராண்டுச் சேமிப்பைக் காத்தது அக்கேள்வியே. யந்திரம் நம்மைக் கற்கின்றது. நாமும் அதனைக் கற்றல் நன்று.