தோணி ஒட்டும் கைக்கு ஒலிப்பெட்டியும் ஒரு தொழில்

மட்டக்களப்பு வாவிக் கரையில் பைபர் கிளாஸ் என்றால் அறியாதவர் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி படகுகளை அள்ளிச் சென்ற பின்னர், நிவாரணமாகக் கரைக்கு வந்த புதிய படகுகளில் ஏராளமானவை பைபர் படகுகளே. அவற்றின் வெடிப்பையும் ஓட்டையையும் ஒட்டத் தெரிந்த இளைஞர்கள் நம் கரையோர ஊர்களில் இருக்கிறார்கள். அதே ரெசின், அதே மேட் கொண்டு வேன், கார்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்து சம்பாதிக்க முடியும். கணக்கும் கவனமும் தவறினால் காசு மட்டுமல்ல, கண்ணும் போகும்.

பெட்டி எதற்கு?

ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்து, பாஸ் ஓசை கேட்காமற் போகும். பின்னால் எழும் ஓசையை அடைத்து வைப்பதே பெட்டியின் வேலை. பலகைப் பெட்டி மலிவு. ஆனால் அது வாகனத்தின் வளைந்த மூலைக்குள் பொருந்தாது. எம்.டி.எப். பலகை ஈரம் பட்டால் ஊதியும் விடும். பைபர் எந்த வளைவுக்கும் பொருந்தும்.

செய்யும் விதம்

முதலில் வாகனத்தின் மூலையை மாஸ்கிங் டேப்பால் இரண்டு தடவை மூடி, மேலே மெழுகு பூசுங்கள். எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, இரண்டு படை மேட் ஒட்டுங்கள். இறுகியதும் கழற்றி வெளியே எடுத்து, மேலும் மூன்று படை ஒட்டுங்கள். 450 கிராம் மேட் ஒரு படை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புத் தரும். ஐந்து படை போட்டால் பெட்டி அதிராது.

அடுத்து கொள்ளளவு. ஸ்பீக்கருடன் வரும் தாளில் எத்தனை லீற்றர் வேண்டும் என்று இருக்கும். 10 அங்குல வூபருக்கு மூடிய பெட்டியென்றால் பெரும்பாலும் 20 முதல் 30 லீற்றர் வரை. லீற்றர் சுண்டால் நெல்லை அளந்து கொட்டிப் பார்த்தால் கணக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் பெரிதாக இருந்தால் உள்ளே மரக்கட்டை வைத்துக் குறைக்கலாம். சிறிதாகிப் போனால் திருத்துவது பெரும்பாடு.

பின்னர் எம்.டி.எப். வளையத்தைக் குச்சிகளில் நிறுத்தி, பனியன் துணியை இழுத்துக் கட்டி ரெசின் பூசுங்கள். துணி இறுகியதும் அதன்மேல் மேட் ஒட்டுங்கள். ஸ்பீக்கரைப் பூட்டியபின் கூம்பை மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். அது ஆறுதலாகத் திரும்பினால் காற்று கசியவில்லை என்று பொருள்.

விலை சொல்லுமுன் கணக்கு

பெட்டியின் மேற்பரப்பு 0.7 சதுர மீற்றர் என்று வைப்போம். ஐந்து படைக்கு மேட் சுமார் 1.6 கிலோ. ரெசின் அதன் எடையில் இரண்டரை மடங்கு, அதாவது சுமார் 4 கிலோ. பத்து வீதம் சேதாரமும் சேருங்கள். இதற்கு மேல் பட்டி, பெயின்ற், வளையம், உங்கள் நாட்கூலி. நாட்கூலியைச் சேர்க்க மறப்பவர்களே அதிகம்.

இன்னொன்று. மூலப்பொருளின் விலை டொலரோடு ஏறி இறங்குவது. 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சென்றது. அந்நாளில் பழைய விலைக்கு ஓடர் எடுத்தவர் கைக்காசைப் போட்டுத்தான் வேலையை முடித்திருக்க வேண்டும். ஆகவே பொருளுக்கான பணத்தை முற்பணமாகப் பெற்று, விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

உயிருக்கு ஆபத்து எங்கே?

ஹார்ட்னர் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் போதும். நம்மூர் வெயிலில் கூட்டிப் போட்டால் கோப்பையிலேயே கொதித்துப் புகையும். ஆகவே காலை வேளையில், சிறிது சிறிதாகக் கலந்து வேலை செய்யுங்கள். மாரிகால ஈரத்தில் ஒட்டுவது சரியாக இறுகாது.

ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணிவது கட்டாயம். பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டு, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஹார்ட்னரையும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ரெசின் ஆவி நெருப்புப் பற்றக்கூடியது, தலையைச் சுற்ற வைப்பது. வீட்டுக்குள்ளோ, அடுப்புக்கு அருகிலோ, பிள்ளைகள் விளையாடும் இடத்திலோ இந்த வேலை வேண்டாம். அராவும்போது எழும் கண்ணாடித் தூசு நெஞ்சுக்குள் போகாமல் முகக்கவசம் அணியுங்கள்.

முதல் பெட்டியை விற்பதற்காகச் செய்யாதீர்கள். உங்கள் வண்டிக்கோ, நண்பரின் வண்டிக்கோ செய்து, பொருளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பே அடுத்த வாடிக்கையாளருக்கு நீங்கள் சொல்லும் நியாயமான விலை.