வியர்வையும் சட்டையும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். உள்நாட்டிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் இச்சாலையில் நெடுந்தூர ஓட்டம் பழகுபவர் ஒன்றைக் கவனிக்கலாம். கடலை நெருங்கும்போது, காற்று அசையாத வேளையில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் எரிச்சல் தொடங்குகிறது. கால்கள் களைக்கும் முன்பே 'போதும்' என்று தோன்றிவிடுகிறது. இதற்கு உடல் வலிமைக் குறைவுதான் காரணமா? பல வேளைகளில் உடையே காரணம். எப்படி என்று காண்போம்.

உடல் ஓர் உலை

ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் சுமார் 1 கிலோகலோரி ஆற்றல் செலவாகிறது. 50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் 10 கிலோமீட்டர் ஓடினால் 500 கிலோகலோரி. இதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 400 கிலோகலோரி, வெப்பமாக மாறுகிறது. இவ்வெப்பம் முழுவதும் உடலிலேயே தங்கினால் உடல் வெப்பநிலை 9 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும், உயிர் தாங்காது.

நம்மைக் காப்பது வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை உள்ளுறை வெப்பமாக எடுத்துச் செல்கிறது. 400 கிலோகலோரியையும் வியர்வையே வெளியேற்றுவதானால் கிட்டத்தட்ட 700 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். 'ஆவியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையால் குளிர்ச்சி கிடைப்பதில்லை.

கடற்கரையில் என்ன சிக்கல்?

35 டிகிரி செல்சியசில் உள்ள ஈரமான தோலருகே நீராவியின் அழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசம். காற்றின் வெப்பநிலை 30 டிகிரி என்போம். அந்நிலையில் தெவிட்டிய ஆவியழுத்தம் 32 மில்லிமீட்டர். ஈரப்பதம் 40 சதவீதமானால் காற்றில் உள்ள ஆவியழுத்தம் 13. தோலுக்கும் காற்றுக்கும் வேறுபாடு 29. ஈரப்பதம் 80 சதவீதமானால் காற்றில் 26. வேறுபாடு வெறும் 16. ஆவியாதலை நடத்துவது இந்த வேறுபாடுதான். வெப்பநிலை மாறாமலேயே அது பாதியளவுக்குக் குறைந்துவிடுகிறது! கடற்காற்று வீசத் தொடங்கினால் தோலருகே தேங்கிய ஈரக்காற்று அகன்று ஆவியாதல் விரைவுபடும். ஆனால் அந்தக் காற்று தோலை எட்ட உடை இடம் தர வேண்டுமல்லவா?

துணியும் அளவும்

பருத்தி நீரை விரும்பும் இழை. பருத்திப் பனியன் தன் எடைக்கு மேற்பட்ட நீரைத் தாங்கி, கனத்து, தோலோடு ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் இழை நீரை உறிஞ்சுவது மிகக் குறைவு. ஆனால் இழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகள் நுண்புழைகளைப் போல் செயல்பட்டு வியர்வையைத் துணியின் வெளிப்பரப்புக்குப் பரப்புகின்றன. நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் சட்டையில் இந்த நன்மை குறைவு. கண்கள் திறந்த பின்னலாடையில்தான் கிடைக்கும்.

துணி எதுவானாலும் அளவு சரியாக இருக்க வேண்டும். சற்றே தளர்ந்த சட்டை ஒவ்வோர் அடியிலும் துருத்திபோல் இயங்கி, உள்ளே தேங்கிய ஈரக்காற்றை வெளியேற்றுகிறது. மிக இறுக்கமானால் இந்தத் துருத்தி வேலை செய்யாது. மிகத் தொளதொளப்பானாலோ துணி மடிந்து, ஒரே இடத்தில் உராயும். நிமிடத்துக்கு 170 அடி வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் 10,000 அடிகளுக்கு மேல். அத்தனை முறை உராய்வு! ஈரமான தோலில் உராய்வு கூடுதல். வியர்வை உலர்ந்து விட்டுச்செல்லும் உப்புத் துகள்கள் உப்புத்தாள்போல் தேய்க்கின்றன. 'வளர்கிற பிள்ளை' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிய உடை பள்ளிக்கு உதவலாம், ஓட்டத்துக்கு உதவாது. உராயும் இடங்களில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது.

மாணவியருக்கு அளவு இன்னும் முக்கியம். ஓடும்போது நிலைமத்தால் மார்பகங்கள் உடலோடு ஒரே சீராக அசைவதில்லை; அதனால் வலி உண்டாகும். 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் உள்ளாடை இரண்டைச் சேர்த்துத் தைத்து முதல் விளையாட்டு மார்க்கச்சையை உருவாக்கினர். வலிக்கு அஞ்சி ஓட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை என்பதை அந்த எளிய தையல் காட்டியது.

ஓர் எச்சரிக்கை

எடை குறையும் என்று நம்பிச் சிலர் காற்றுப் புகாத பிளாஸ்டிக் அல்லது ரப்பர் உடையில் ஓடுவதுண்டு. இது பேராபத்து. அவ்வுடைக்குள் ஈரப்பதம் விரைவில் 100 சதவீதத்தை நெருங்கும்; ஆவியாதல் நின்றுபோகும். குறைவது உடலிலுள்ள நீர் மட்டுமே. 1997-இன் இறுதியில் அமெரிக்காவில் எடையைக் குறைப்பதற்காக இத்தகைய உடையணிந்து பயிற்சி செய்த மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் உயிரிழந்தனர். அதன்பின் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அவ்வுடைகள் தடை செய்யப்பட்டன.

செய்து பாருங்கள்

பழைய பருத்திப் பனியன், பாலியஸ்டர் விளையாட்டுப் பனியன் இரண்டிலிருந்தும் 2 சென்டிமீட்டர் அகலத் துண்டுகள் வெட்டுங்கள். மை கலந்த நீரில் அவற்றின் நுனிகள் படுமாறு தொங்கவிட்டு, 10 நிமிடத்தில் மை எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளவுகோலால் அளங்கள்.

அடுத்து, ஓடும் முன்பும் ஓடி முடித்த உடனேயும் உங்கள் சட்டையைத் தராசில் நிறுங்கள். கூடிய எடை, ஆவியாகாமல் சட்டையில் தங்கிவிட்ட வியர்வையின் எடை. வேறு வேறு சட்டைகளுடன், ஒரே நேரத்தில், ஒரே தூரம் ஓடிப் பல நாள் குறித்து வாருங்கள். உங்களுக்கு ஏற்ற சட்டை எது என்பதை விளம்பரங்களைவிட உங்கள் தராசு நன்றாகச் சொல்லும்.