எல்லோருக்கும் ஒரே வாங்கு

1949இல் யாழ்ப்பாணத்தின் கொக்குவில் இந்துக் கல்லூரிக்குப் புதிய அதிபர் ஒருவர் வந்தார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். படித்ததும் படிப்பித்ததும் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய கல்லூரியில். இரண்டு வருடத்துக்கு முன்புதான் தேர்தலில் நின்று தோற்றிருந்தார். 1910இல் தொடங்கப்பட்ட அந்த இந்துப் பள்ளிக்கூடம் இப்படிப்பட்ட ஒருவரை நம்பித் தன் பிள்ளைகளை ஒப்படைத்தது. அவரும் 1960இல் ஓய்வு பெறும்வரை அதன் பொறுப்பில் இருந்தார்.

அவர் பெயர் ஹண்டி பேரின்பநாயகம். ஊராருக்கு ஹண்டி மாஸ்டர்.

இலங்கைக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் குறைவு. அறிந்தவர்களும் பெரும்பாலும் அரசியல்வாதியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் மேடையில் சொன்னது எல்லாம் வகுப்பறையிலிருந்து பிறந்ததுதான். பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள், எந்த மொழியில் படிக்கிறார்கள், யார் கட்டணம் கட்டுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் அவர் வாழ்நாள் முழுக்க விடவில்லை.

1899இல் பிறந்த பேரின்பநாயகம் வட்டுக்கோட்டையில் உள்ள யாழ்ப்பாணக் கல்லூரியில் பயின்று, பிறகு அங்கேயே ஆசிரியரானார். அப்போது அதிபராக இருந்த ஜோன் பிக்னெல் அமெரிக்கர். அந்நிய ஆட்சியை எதிர்த்துப் பேசும் இளம் ஆசிரியர்களை அவர் அடக்கி வைக்கவில்லை. இந்தியாவில் ஒத்துழையாமை இயக்கம் எழுந்து அடங்கியிருந்த நேரம் அது. 1924இல் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கூடி மாணவர் காங்கிரஸைத் தொடங்கினார்கள். பத்துப்பாட்டைப் பின்னாளில் ஆங்கிலத்தில் தந்த ஜே. வி. செல்லையா முதல் தலைவரானார். இயக்கத்தின் உயிர்நாடி பேரின்பநாயகம். பின்னர் இதுவே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது.

அந்த மேடைக்கு வந்தவர்களைப் பார்த்தாலே அதன் வீச்சு புரியும். 1926இல் இளம் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க யாழ்ப்பாணம் வந்து, இலங்கைக்குச் சமஷ்டி, அதாவது கூட்டாட்சியே பொருத்தம் என்று உரையாற்றினார். 1927 நவம்பரில் காந்தி வந்தார். காங்கிரஸின் செயலாளராக அந்த வருகைக்காக ஓடியாடி வேலை செய்தவர் பேரின்பநாயகம். கதர் நிதிக்காக வந்த காந்தி யாழ்ப்பாணத்தில் தீண்டாமையைப் பற்றியும் பேசினார். அது அந்த மண்ணுக்கு மிகவும் வேண்டியிருந்த பேச்சு.

ஏனென்றால் அன்றைய யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வாங்கில், அதாவது பெஞ்சில், இடம் கிடையாது. தரையில் உட்கார வேண்டும். சில இடங்களில் வாசலுக்கு வெளியே. எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் தர வேண்டும் என்று அரசு உத்தரவிட்டபோது எதிர்ப்பு மூர்க்கமாக எழுந்தது. 1930ஐ ஒட்டிய அந்த நாட்களில், கீழே உட்கார்ந்திருந்த பிள்ளையை மேலே உட்கார வைத்ததற்காகப் பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. தன் மாநாடுகளில் சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து உண்பதையும் வழக்கமாக்கியது. பந்திக்குப் பந்தி சாதி பார்த்த சமூகத்தில் இதைச் செய்யத் தனித் துணிவு வேண்டும்.

1931 வந்தது. பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த டொனமூர் அரசியல் சீர்திருத்தத்தின்படி இலங்கையில் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் அதுவே முன்னோடி. ஆனால் முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு எங்களுக்கு வேண்டாம் என்றது வாலிபர் காங்கிரஸ். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

பெருமைக்குரிய முடிவா, பெரும் பிழையா என்று இன்றும் விவாதம் ஓயவில்லை. தெற்கில் தேர்தல் நடந்து முடிந்தது. வடக்கின் குரல் அரசாங்க சபையில் இல்லாமல் போனது. 1934இல் பருத்தித்துறையிலிருந்து ஜி. ஜி. பொன்னம்பலம் சபைக்குள் சென்றார். அவர் எழுப்பிய இனவாரிப் பிரதிநிதித்துவக் கோரிக்கை வலுத்தது. இலங்கையர் எல்லோரும் ஒரே மக்கள் என்று நம்பிய வாலிபர் காங்கிரஸ் மெல்லத் தேய்ந்தது. 1947 தேர்தலில் வட்டுக்கோட்டையில் பேரின்பநாயகம் போட்டியிட்டபோது, தொகுதி பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸுக்கே போனது.

அரசியலில் தோற்ற அந்தத் தலைமுறை பள்ளிக்கூடத்தில் தோற்கவில்லை. பேரின்பநாயகம் கொக்குவிலுக்குப் போனார். அதே இயக்கத்தில் வளர்ந்த ‘ஒறேற்றர்’ சுப்பிரமணியம் சுன்னாகம் ஸ்கந்தவரோதயக் கல்லூரியை அதிபராக இருந்து வளர்த்தார். ஆசிரியர் சங்கங்களிலும் இவர்கள் குரலுக்கு எடை இருந்தது. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் வாங்கி நடந்த ஆங்கிலப் பாடசாலைகள் செல்வாக்கோடு இருந்த யாழ்ப்பாணத்தில் அதற்கு எதிர்ப்பும் இருந்தது. வாலிபர் காங்கிரஸ் வழிவந்தவர்கள் கன்னங்கராவுக்குத் தோள் கொடுத்தார்கள். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையும் கல்லூரி வாசலை மிதிக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சம ஆசனத்தின் அடுத்த படி.

மொழி விஷயத்திலும் பேரின்பநாயகத்தின் நிலைப்பாடு தெளிவானது. பிள்ளை தாய்மொழியில் படிக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளை சிங்களமும், சிங்களப் பிள்ளை தமிழும் கற்க வேண்டும். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது அவர் கொக்குவிலில் அதிபர் நாற்காலியில் இருந்தார். சட்டத்தைக் கொண்டுவந்தவர், முப்பது ஆண்டுக்கு முன் அவரது காங்கிரஸ் மேடையில் சமஷ்டி பேசிய அதே பண்டாரநாயக்க. நாட்டின் இரு மொழிகளும் சமமாக வாழும் என்று மாணவருக்குச் சொல்லி வந்த ஓர் ஆசிரியருக்கு இதைவிடக் கசப்பான பாடம் இருந்திருக்க முடியாது.

அவர் ஓய்வு பெற்ற 1960இல்தான் உதவி பெறும் தனியார் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டமும் வந்தது. சமயச் சபைகளும் ஊர்ப் பெரியவர்களும் நடத்திய பள்ளிக்கூடங்களின் காலம் அத்தோடு ஏறத்தாழ முடிந்தது. 1976 மே மாதம், அவர் ஒருகாலத்தில் வாக்குக் கேட்டு நடந்த அதே வட்டுக்கோட்டைத் தொகுதியில் இலங்கைத் தமிழருக்குத் தனிநாடு கோரும் தீர்மானம் நிறைவேறியது. 1977 டிசம்பரில் பேரின்பநாயகம் காலமானார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, சாந்தசீலன் கதிர்காமர் தொகுத்த நினைவு நூல் சுன்னாகத்தில் அச்சாகி வெளிவந்தது. வாலிபர் காங்கிரஸின் வரலாறும் பேரின்பநாயகத்தின் எழுத்துகளும் உரைகளும் அதில் உள்ளன. இல்லையென்றால் அந்தத் தலைமுறையின் கதை பாதிக்கு மேல் செவிவழிச் செய்தியாகவே எஞ்சியிருக்கும்.

அவர் கேட்ட சம ஆசனம் இன்று பள்ளிக்கூடத்தில் கேள்விக்கே இடமில்லாத நடைமுறை. இலங்கையின் அரசுப் பல்கலைக்கழகங்கள்வரை இலவசக் கல்வி நீடிக்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை தமிழிலேயே பரீட்சை எழுதுகிறது. 1987இல் தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் ஏறியது. சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் இரண்டாம் மொழியாகப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளன. ஹண்டி மாஸ்டர் கேட்டவற்றில் இன்னும் அதிகம் உழைக்க வேண்டியிருப்பது அந்தப் பாடத்துக்குத்தான்.